கோடு முறியும் இடம்

கை எலும்பு முறிந்து எக்ஸ்ரே எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு படத்தோடு விடமாட்டார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து ஒரு படம். பிறகு கையைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னொன்று. வலிக்கிற கையைத் திருப்பும்போது ஒன்றே போதாதா என்றுதான் இருக்கும். போதாது. முறிந்த துண்டு முன்னோ பின்னோ நகர்ந்திருந்தால், நேரே எடுத்த படத்தில் இரு துண்டுகளும் ஒரே கோட்டில் நின்று எலும்பு முழுதாக இருப்பதுபோலவே காட்டிவிடக்கூடும். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆழமுள்ள பொருளைத் தட்டையான தாளில் பதிக்கும்போது ஒரு திசை முழுவதும் நசுங்கிப் போகிறது. நசுங்கியதை மீட்க வேண்டுமானால், இடம் மாறி நின்று இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்.

1908-ல் பாரிஸில் இளம் ஓவியர் ஒருவர் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி, ஒரு பெண்ணை ஒரே தாளில் மூன்று தடவை வரைந்தார். மையால் வரைந்த கோட்டோவியம் அது. ஓவியர் ஜார்ஜ் பிராக். பாரிஸின் புதிய ஓவியர்களைத் தேடிப் போய்ச் சந்தித்துக்கொண்டிருந்த ஜெலெட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரிடம் அவர் அதைப் பற்றிப் பேசினார். புத்தகப் பின்னட்டைப் புகழுரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிளர்ப்’ என்ற சொல்லை உருவாக்கியவர் இந்த பர்ஜெஸ்தான். 1910 மே மாதம் ‘ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்ட்’ என்ற அமெரிக்கக் கட்டடக்கலை இதழில் ‘பாரிஸின் காட்டு மனிதர்கள்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையில் அந்த ஓவியமும் அச்சானது. வீட்டைக் காட்டத் தளப்படம், முகப்புப் படம், வெட்டுப்படம் என்று மூன்று வேண்டியிருப்பதுபோல, இந்தப் பெண்ணின் உடலை எல்லாப் பக்கமும் காட்ட மூன்று உருவங்கள் வேண்டியிருந்தன என்பது பிராக் சொன்ன விளக்கம். இன்று அந்த ஓவியம் அறியப்படுவது அந்த இதழ்ப் பக்கத்தின் வழியாகத்தான்.

வீடு கட்டியவர்களுக்கு இந்த மூன்று படங்களும் பழக்கமானவை. பொறியாளர் மேசையில் விரித்துக் காட்டுவார்: மேலிருந்து பார்த்தால் இப்படி, முன்னால் நின்றால் இப்படி, நடுவில் அறுத்துப் பார்த்தால் இப்படி. மூன்றில் எதுவும் கண்ணால் காணும் வீடு கிடையாது. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வீட்டைப் பார்த்தே இராத கொத்தனார் அதைக் கட்டி முடித்துவிடுவார். இந்த முறையைக் கணிதமாக ஒழுங்குபடுத்தியவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். கோட்டை கட்டும் பொறியாளர்களுக்காக 18-ம் நூற்றாண்டில் அவர் உருவாக்கிய இந்த வடிவியலைப் பிரான்ஸ் பல ஆண்டுகள் இராணுவ ரகசியமாகவே வைத்திருந்தது. 1795-ல்தான் அவர் அதைப் பொதுவில் கற்பித்தார். பிராக்கின் தந்தையும் பாட்டனாரும் வீடுகளுக்கு வண்ணமும் அலங்காரமும் செய்த தொழிலாளர்கள். பிராக்கும் லெ ஆவ்ர் நகரில் அந்தத் தொழிலைக் கற்றவர். உடலை விளக்க வீட்டின் வரைபடம் அவர் நாவுக்கு வந்ததில் வியப்பில்லை.

ஓவியத்தைப் பார்ப்போம். ஆடையற்ற மூன்று பெண் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. மரத்தில் செதுக்கியதுபோன்ற உடற்கட்டு. முகங்கள் முகமூடிபோல எளிமையாகிவிட்டன. 1907-ன் இறுதியில் பிக்காசோவின் ஓவியக்கூடத்தில் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தைப் பார்த்த அதிர்ச்சி பிராக்கின் கையில் இன்னும் ஆறவில்லை. இதே மாதங்களில்தான் அவர் ‘பெரிய நிர்வாண உருவம்’ என்ற எண்ணெய் ஓவியத்தையும் தீட்டிக்கொண்டிருந்தார். பாரிஸின் பொம்பிடு மையச் சேகரிப்பில் இன்று இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இந்தத் தாளில் இருப்பவர்களுக்கும் உடன்பிறந்தவர் சாயல் உண்டு.

மை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மெல்ல மெல்லச் சரியலாம். கரிக்கோலில் விரலால் தேய்த்து மழுப்பலாம். பேனா முனையில் அந்தச் சலுகை இல்லை. தாளில் ஒரு புள்ளி கறுப்பு, அல்லது வெறுமை. நிழல் வேண்டுமானால் கீற்றுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். அந்தக் கீற்றுகள் வெறும் இருளை மட்டும் தருவதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றனவோ, பரப்பு அந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் புரிந்துகொள்கிறது. தொடைமேல் வளைந்து ஓடும் கீற்று தொடையை உருட்டுகிறது. நேராக ஓடும் கீற்று அதைப் பலகையாக்குகிறது. உடல் என்பதைக் கோடாக மட்டுமே சொல்ல முடியும், சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்ற நெருக்கடிக்குள் வேலை செய்தவர்களுக்கு, கோடு என்ன செய்கிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிவிடுகிறது.

அந்தக் கேள்விதான் என்னை இந்த ஓவியத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. யோசித்துப் பாருங்கள், இயற்கையில் கோடே கிடையாது. கன்னத்தைச் சுற்றிக் கறுப்புக் கம்பி எதுவும் ஓடவில்லை. கன்னம் முடிகிறது, பின்னால் சுவர் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் சுவரில் குழந்தை கிறுக்கிய வட்டத்தில் இன்னொரு குழந்தை முகத்தைப் பார்த்துவிடுகிறது. இது பழக்கத்தால் கற்றதா, கண்ணோடு பிறந்ததா? 1962-ல் ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற உளவியலாளர்கள் தங்கள் சொந்தக் குழந்தையை வைத்தே இதைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 19 மாதம் வரை, முடிந்தவரை படங்களே கண்ணில் படாமல் அந்தக் குழந்தையை வளர்த்தார்கள். பொருள்களின் பெயர்களை நிஜப் பொருள்களையும் பொம்மைகளையும் வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கோட்டோவியங்களைக் காட்டினார்கள். குழந்தை பெயர் சொல்லிவிட்டது. படத்தைப் படிக்க யாரும் அதற்குக் கற்றுத் தரவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1958-ல் பால்டிமோரில் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் மயக்கத்தில் இருந்த பூனையின் பார்வைப் புறணியில், அதாவது மூளையின் பின்புறம் பார்வைக்கென்று இருக்கும் பகுதியில், நுண்ணிய மின்முனையைச் செருகி ஒரு நரம்பணுவின் துடிப்பை ஒலியாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வில்லைகளில் புள்ளிகளை வைத்து மணிக்கணக்கில் காட்டிப் பார்த்தும் நரம்பணு அசையவில்லை. வில்லையை மாற்றிச் செருகும்போது திடீரென்று படபடவென்று துடித்தது. அதை எழுப்பியது புள்ளி அன்று. வில்லையின் விளிம்பு திரையில் இழுத்துச் சென்ற மெல்லிய நிழல்கோடு. அதுவும் குறிப்பிட்ட சாய்வில் இருந்ததால்தான். கோட்டின் சாய்வை இன்னும் கொஞ்சம் மாற்றினால் அடங்கிவிடும். பக்கத்து நரம்பணுக் கூட்டம் விழித்துக்கொள்ளும். 1981-ல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சி இது. உலகத்தை மூளை முதலில் உடைத்துப் பார்ப்பது விளிம்புகளாகத்தான். ஓவியரின் மைக்கோடு அந்த விளிம்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாசல் காப்பவனுக்குத் தெரிந்த ஆள்போல, தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

ஆனால் சாய்கோடுகள் எத்தனை சேர்ந்தாலும் உடல் ஆகிவிடாது. எது முன்னால், எது பின்னால் என்று சொல்வது கோடு ஓடும் இடம் அன்று, கோடுகள் சந்திக்கும் இடம். மார்பின் குறுக்கே கைகட்டி நிற்கும் ஒருவரைப் பேனாவால் வரையுங்கள். கையின் எல்லைக்கோடு அறுபடாமல் ஓடும். மார்பின் கோடு அதில் வந்து முட்டி நின்றுவிடும். ஆங்கில எழுத்து ‘டி’ போன்ற சந்தி அங்கே உண்டாகிறது. முட்டி நின்ற கோடு பின்னால் இருப்பது, முட்டப்பட்ட கோடு முன்னால் இருப்பது. இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் ஒவ்வொரு நொடியும் இந்த விதியை வைத்தே பார்க்கிறோம்.

1971-ல் டேவிட் ஹஃப்மன், மேக்ஸ் க்ளோஸ் என்ற இருவர், ஒருவரையொருவர் சாராமல், கணினிக்குப் பார்வை தர முயன்றபோது இந்தச் சந்திகளை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். (இன்று கைபேசிப் படங்களைச் சுருக்கப் பயன்படும் ஹஃப்மன் குறியீட்டை உருவாக்கியவரும் இந்த ஹஃப்மன்தான்.) தட்டையான முகங்கள் கொண்ட, ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்கள் கூடும் பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். கோடு ஒன்று புடைத்த விளிம்பாக இருக்கலாம், குழிந்த விளிம்பாக இருக்கலாம், அல்லது பொருள் முடியும் எல்லையாக இருக்கலாம். எல்லையென்றால் பொருள் அதன் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் உண்டு. ஆக, நான்கு வகை. கோடுகள் கூடும் சந்திகள் ‘எல்’, ‘ஒய்’, ‘டி’, அம்புமுனை என்று நான்கு வடிவம். கணக்குப்படி 208 விதமாக இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் உண்மை உலகில் நடக்கக்கூடியவை 18 மட்டுமே! மற்ற 190-ம் எந்தத் தச்சனாலும் செய்ய முடியாத மூலைகள். இருக்கவே முடியாத பொருள்களின் படங்களை, இலக்கணம் பிழைத்துப் பொருளற்றுப்போன வாக்கியங்களோடு ஒப்பிட்டார் ஹஃப்மன். தமிழில் தெருக்கள் கூடுவதும் சந்தி, சொற்கள் கூடிப் புணர்வதும் சந்தி. கோடுகளுக்கும் அப்படியொரு புணர்ச்சி இலக்கணம் உண்டு என்பதுதான் அவர் கண்டது.

இலக்கணம் இருக்கிறது என்பதற்கு அழுத்தமான சான்று 1987-ல் உளவியலாளர் இர்விங் பீடர்மன் வெளியிட்ட சோதனை. கோப்பை, விளக்கு போன்ற அன்றாடப் பொருள்களின் கோட்டோவியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கோட்டில் ஒரு பகுதியை அழித்தார். முதல் தொகுப்பில் கோடுகளின் நடுப்பகுதி போய்விட்டது, சந்திகள் தங்கின. இரண்டாவது தொகுப்பில் அழித்தது அதே அளவு, ஆனால் சந்திகளிலும் ஆழமாக வளையும் இடங்களிலும். முதல் தொகுப்பைச் சிறிது நேரம் கொடுத்தால் மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். இரண்டாவது தொகுப்பில் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பெரும்பாலானோர் திணறிப்போனார்கள். ஒரே அளவு மைதான் போயிருக்கிறது. எங்கே போயிருக்கிறது என்பதுதான் கதையையே மாற்றிவிடுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பிராக்கின் தாளுக்கு வாருங்கள். மூன்று பெண்களில் ஒவ்வொருவரும் இலக்கணப்படி முழுமையானவர்கள். யாருடைய தோள் முன்னே, யாருடைய இடுப்பு பின்னே என்பதில் பெரிய குழப்பமில்லை. உடல் முரடாகியிருக்கிறது, ஆனால் உடையவில்லை. பல பக்கம் காட்ட வேண்டும் என்ற ஆசையை அவர் பல ஆட்களாக நிறுத்தித் தீர்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1908 கோடையில் பிராக் லெஸ்டாக் என்ற கடற்கரை ஊரில் வீடுகளையும் மரங்களையும் வரைந்தார். நவம்பரில் ஓவிய வணிகர் கான்வைலரின் கூடத்தில் அவை காட்சிக்கு வந்தபோது, எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிட்டார் என்று விமர்சகர் லூயி வோசெல் எழுதினார். கியூபிசம் என்ற பெயர் பிறந்தது அந்தக் கேலியிலிருந்து. 1909 கோடையில் பிக்காசோ ஸ்பெயினின் ஹோர்தா கிராமத்தில் தன் துணைவி ஃபெர்னான்டின் தலையைத் திரும்பத் திரும்ப வரைந்து, அதைப் பட்டைபட்டையான முகப்புகளாகப் பிரித்தார். 1910-ல் வந்தது ‘நிற்கும் பெண்’ என்ற உருவம்.

இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் மையால் வரைந்தது அன்று, கரிக்கோலால். ஆனால் அதே ஆண்டுகளில் பேனாவும் மையும் கொண்டு பிக்காசோ வரைந்த உருவங்களும் இதன் இனம்தான்; கோடு போய்ச் சேர்ந்த இடத்தை இதுதான் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 48 சென்டிமீட்டர் உயரத் தாளில் சில நேர்கோடுகள், சில வளைவுகள், ஆங்காங்கே நிழல். 1911-ல் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸ் நியூயார்க்கில் இதைக் காட்சிக்கு வைத்தபோது பார்த்தவர்கள் சிரித்தார்கள். தீப்பிடித்தால் தப்பி இறங்குவதற்காகக் கட்டடச் சுவரில் மாட்டும் இரும்பு ஏணி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஸ்டீகிளிட்ஸ் அதை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அந்தக் கேலியில் ஓர் உண்மை இருந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் கண் சரியாகத்தான் வேலை செய்தது. தோளைக் குறிக்கும் கோடு கழுத்தில் போய் முட்ட வேண்டிய இடத்தில் அறுந்து நிற்கிறது. இடுப்பின் வளைவு தொடையோடு கூட வேண்டிய இடத்தில் கதவு திறந்து கிடக்கிறது. உடலுக்குள் இருந்த வெறுமை வெளியே வழிந்து தாளோடு கலந்துவிடுகிறது. முட்டி நிற்க வேண்டிய கோடு சில இடங்களில் நிற்காமல் குறுக்கே போகிறது. ‘டி’ சந்தி பெருக்கல் குறியாகிவிடுகிறது. பெருக்கல் குறியைக் கண்டால் கண் ஒன்றின் ஊடாக மற்றொன்று தெரிவதாக, கண்ணாடிபோல, எடுத்துக்கொள்ளும். எது முன், எது பின் என்ற தீர்ப்பு தள்ளிப்போய்விடும். பீடர்மன் 1987-ல் ஆய்வகத்தில் அழித்த அதே இடங்களைத்தான் 77 ஆண்டுகளுக்கு முன் பிக்காசோவின் கை தேடிப்பிடித்து அழித்திருக்கிறது. இது முந்தைய தலைமுறை ஓவியர் செசானிடமிருந்து வந்த பாடம். மலைச்சரிவின் கோட்டைச் சில இடங்களில் மூடாமல் விட்டு, மலை வானத்துக்குள் கசியும்படி அவர் தீட்டியிருந்தார். ஓவியர்கள் இதைப் பிரெஞ்சில் ‘பஸாஜ்’ என்பார்கள், வழிவிடுதல். 1906-ல் செசான் இறந்ததும் அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த நினைவுக் காட்சியில் அந்தத் தலைமுறையே அதைப் படித்தது.

ஆகவே கியூபிசம் என்றால் பொருளை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் காட்டுவது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. பிராக்கின் 1908 மைக்கோட்டோவியத்துக்கு அது அப்படியே பொருந்தும், அவரே சொன்னதாயிற்றே. 1910-ன் நிற்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. அங்கே பக்கங்கள் கூடவில்லை, துப்புகள் குறைந்திருக்கின்றன. மூன்று படங்களை ஒட்டிவைத்து ஓர் உடலைக் கட்டலாம் என்று நம்பிய இடத்திலிருந்து, உடலை உடலாக்கும் முடிச்சுகள் எவை என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கும் இடத்துக்கு இரண்டே ஆண்டில் பிராக்கும் பிக்காசோவும் நகர்ந்துவிட்டார்கள்.

ஐன்ஸ்டைனை இங்கே இழுக்கும் வழக்கமும் உண்டு. 1905-ல் சார்பியல், 1907-ல் கியூபிசம், இரண்டும் நான்காவது பரிமாணம் என்று எளிதாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். காலத்தை நான்காவது பரிமாணமாக்கிய பேச்சு அன்றைய பாரிஸ் ஓவியர்களிடம் இல்லை. அவர்கள் பேசியது இடத்தின் நான்காவது பரிமாணம். 1903-ல் எஸ்ப்ரி ஜூஃப்ரே எழுதிய வடிவியல் நூல் போன்றவற்றிலிருந்து வந்தது. அதை நண்பர் கூட்டத்தில் விளக்கியவர் மோரிஸ் பிரின்ஸே, காப்பீட்டுக் கணக்கர். பிக்காசோவோ 1923-ல், கணிதத்தையும் வேதியியலையும் வைத்துக் கியூபிசத்தை விளக்குவதெல்லாம் வெறும் இலக்கியம் என்று தள்ளிவிட்டார். அவர் சொல்லை அப்படியே ஏற்கிறேன். அறிவியல் அந்த ஓவியங்களுக்கு முன்னால் போகவில்லை, பின்னால் வந்தது.

ஆனால் ஒரே காலத்தில் நடந்த ஒன்று உண்டு, பாரிஸில் யாரும் கவனிக்காத ஒன்று. 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த ஜப்பானிய வீரர்களைத் தத்சுஜி இனோவே என்ற இளம் கண் மருத்துவர் பரிசோதித்தார். எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று கணக்கிட்டு ஓய்வூதியம் முடிவு செய்வது அவர் வேலை. புதிய துப்பாக்கிகளின் வேகமான சிறு குண்டுகள் மண்டையை நேராகத் துளைத்துப் போயிருந்தன. நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டையும் இணைத்தால் மூளையில் எந்த இடம் சேதமானது என்று தெரியும். வீரரின் பார்வையில் எந்த இடம் இருண்டிருக்கிறது என்றும் தெரியும். இரண்டையும் பொருத்திப் பார்வைப் புறணியின் வரைபடத்தை அவர் போட்டார். அது ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஆண்டு 1909. பிக்காசோ ஹோர்தாவில் ஃபெர்னான்டின் தலையைப் பட்டை தீட்டிக்கொண்டிருந்த ஆண்டு.

அந்த வரைபடம் காட்டிய உண்மை விசித்திரமானது. நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே இருக்கும் பார்வையின் நடுப்பகுதிக்கு, மூளை மிகப் பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறது. ஓரங்களுக்குக் கொஞ்சம்தான். கூர்மையாகத் தெரிவது அந்த நடுத்துண்டு மட்டுமே. மற்றதைப் பார்க்கக் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. எதிரே நிற்கும் மனிதரை நீங்கள் முழுதாகப் பார்ப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் கண் எடுத்தது கண், மூக்கு, கை, சட்டைப் பொத்தான் என்று தனித்தனித் துண்டுகள். ஒட்டியது மூளை.

1915 மே மாதம், கரன்சி என்ற ஊரின் போர்முனையில் பிராக்கின் தலையிலும் காயம் பட்டது. மண்டையோட்டைத் துளையிட்டு அறுவை செய்தார்கள். சிறிது காலம் பார்வையே இல்லை. தேறி வர மாதங்கள் ஆயின. பிறகே மீண்டும் வரையத் தொடங்கினார். அதே போரில் ஆங்கிலேயப் படையின் காயம்பட்டவர்களிடம் கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியலாளர் இனோவேயின் வேலையைத் தொடர்ந்து செய்து வரைபடத்தை இன்னும் நுட்பமாக்கினார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் பிராக்கின் கட்டுப்போட்ட தலை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவ்வளவு துப்புகளை எடுத்துவிட்ட பிறகும் நிற்கும் பெண்ணில் பெண் ஏன் மறைந்து போகவில்லை? மனித உடல் என்றால் மூளைக்குத் தனிப் பிரியம். 2001-ல் பால் டவுனிங்கும் நான்சி கான்விஷரும் அவர்களுடைய குழுவினரும், மூளையின் ஓரிடம் மனித உடலைக் கண்டால் மட்டும் மற்றப் பொருள்களைவிட அதிகம் கிளர்வதைக் காட்டினார்கள். புகைப்படமே வேண்டாம், கோட்டோவியம் போதும், குச்சிகளால் கட்டிய பொம்மை உருவமும் போதும். செங்குத்தாக ஓர் அச்சு, அதன் மேலே ஏதோ ஒன்று தலைபோல, நடுவில் இடுப்பின் ஒரே ஒரு வளைவு. இவை தங்கினால் உடல் தங்குகிறது. பிக்காசோ எடுத்ததைவிட விட்டுவைத்ததில்தான் அவருடைய கணக்கு தெரிகிறது. அந்த ஓவியங்களை விற்ற கான்வைலர் 1920-ல் வெளியிட்ட சிறு நூலில் இதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்: ஓவியர் சில மெய்யான விவரங்களைத் தூண்டில்போல வைக்கிறார், அவை பார்ப்பவரின் நினைவைத் தூண்ட, உருவம் அவர் மனத்தில் கூடுகிறது. அதனால் படத்துக்குத் தெளிவான பெயர் வைப்பது நல்லது என்றும் அவர் பரிந்துரைத்தார்.

பெயர் மட்டும் போதாது என்பது பின்னர் தெரியவந்தது. 2010-ல் மார்ட்டின் வீஸ்மன், அலுமிட் இஷாய் இருவரும் ஓவியப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களை அழைத்து, கியூபிச ஓவியர்களான பிக்காசோ, பிராக், கிரிஸ் ஆகியோரின் ஓவியங்களைக் காட்டி, மூளையின் இயக்கத்தை ஸ்கேன் கருவியில் பதிந்தார்கள். பழகாத கண்ணுக்குப் பொருளுள்ள தலைப்பைக் கொடுத்தாலும் அதிகம் தெரியவில்லை. ஆனால் கியூபிசத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலான பொருள்களைக் கண்டார்கள், விரைவாகவும் கண்டார்கள். காட்சிகளின் சூழலையும் தொடர்பையும் பிடித்துவைக்கும் மூளைப் பகுதியில் அவர்களுக்குக் கிளர்ச்சி அதிகம். கண்டுகொண்ட பொருள்களின் எண்ணிக்கை கூடக் கூட அதுவும் கூடியது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு சின்ன அளவீடு. எதுவுமே பிடிபடாத படங்களில், ஒன்றும் தெரியவில்லை என்று பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்றும் பதிந்திருந்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் சட்டென்று அழுத்திவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது. கண் இன்னும் கோடுகளின் ஓரமாக நடந்துகொண்டிருந்தது, அறுந்த இடத்தில் நின்று எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தேடியபடி, தோள் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று.